வகுப்பறையில் ஓவியப் பாடம்: 40 பேர், 40 நிமிடம், தனி அறை கிடையாது

வெள்ளைத்தாள்:

வணக்கம். 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு ஓவியப் பாடத்திட்டம் எழுத வேண்டியிருக்கிறது. நிலவரம் இதுதான்: வாரத்துக்கு ஒரு பீரியட், 40 நிமிடம். வகுப்புக்கு 40 பேர். கணக்கும் அறிவியலும் நடக்கும் அதே பெஞ்சில்தான் ஓவியமும். தண்ணீர்க் குழாய் வராந்தாவின் கடைசியில். பாடம் எடுக்கப்போவது வகுப்பாசிரியர்கள். ஓவியம் படித்தவர்கள் அல்ல. "எங்களுக்கே வரைய வராதே" என்பதுதான் அவர்களுடைய முதல் தடை.

எந்த வயதில் எதைத் தொடங்குவது? பெயின்ட் இந்த அறைக்குச் சரிப்படுமா, இல்லை கிரேயானோடு நிறுத்திக்கொள்வதா? கரும்பலகையில் மாதிரிப் படம் போட்டு வரையச் சொல்லலாமா? மதிப்பெண் எப்படி?

"கற்பனையைத் தூண்டுங்கள்" வகை அறிவுரை கைவசம் நிறைய இருக்கிறது. எத்தனை மில்லி, எத்தனை நிமிடம், எங்கே சொதப்பும், ஏன் சொதப்பும் என்று சொல்லுங்கள்.

நிழல்கோடு:

வயதிலிருந்து தொடங்குவோம். மற்ற முடிவுகள் பெரும்பாலும் அதைத் தொட்டே வரும்.

குழந்தைகளின் ஓவிய வளர்ச்சிக்குக் கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வகுத்த படிநிலைகள் இன்றும் உதவும், வயது எல்லைகளைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாத வரை. சுமார் 4 முதல் 7 வயது வரை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியைத் தேடும் பருவம். தலையிலிருந்தே கால் முளைக்கும். வீடும் மரமும் தாளில் மிதக்கும். 7 முதல் 9 வரை அந்தக் குறி உறைந்துவிடும்: அடியில் ஒரு தரைக்கோடு, உச்சியில் நீலப் பட்டையாக வானம், நடுவே ஒன்றுமில்லை. சுவரைத் தாண்டி வீட்டுக்குள் இருப்பதெல்லாம் தெரியும் 'எக்ஸ்ரே' படமும் இந்த வயதுக்காரர்களுடையதுதான். தனக்குத் தெரிந்ததை வரைகிற வயது அது, பார்த்ததை வரைகிற வயது அல்ல. "வானம் தரையைத் தொட வேண்டாமா?" என்று திருத்தினால் பிள்ளை திருத்திக்கொள்ளும். ஆசிரியருக்காக.

9 முதல் 12 வரைதான் கண்டம். தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்று கண் கண்டுபிடித்துவிடும், கை இன்னும் பின்தங்கியிருக்கும். ரப்பர் தேயும், தாளைக் கையால் மறைப்பார்கள், "எனக்கு வரைய வராது" என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பும். மேலே சொன்ன வகுப்பாசிரியர்களில் பலர் அந்த வயதோடு பென்சிலை வைத்தவர்களாக இருப்பார்கள். இந்தப் பருவத்தில் பார்த்து வரையும் உத்தியைக் கையில் கொடுக்காமல் "உன் இஷ்டப்படி வரை" என்று விடுவது, நீந்தத் தெரியாதவரை ஆழத்தில் இறக்கிவிட்டு இஷ்டப்படி நீந்தச் சொல்வது போல.

ஆகவே 1, 2ஆம் வகுப்புகளில் பொருளைத் தொட்டுப் பழகட்டும். 3, 4இல் நிறக்கலவை, வடிவமைப்பு, அச்சு. 5, 6இல் பார்த்து வரைதல். 7, 8இல் ஒளிநிழல், தூரத்தோற்றம் (பெர்ஸ்பெக்டிவ்), அவரவர் சொந்தத் திட்டம். எதை எடுத்தாலும் தொடர்ந்து 2, 3 வாரமாவது அதிலேயே இருங்கள். வாரம் ஒரு புதுப் பொருள் என்று மாறினால் 40 வாரமும் முதல் வாரமாகவே இருக்கும்.

தூரிகை12:

பெயின்ட் தாராளமா சரிப்படும். சொதப்புறது பெயின்ட் இல்லைங்க, தண்ணி.

குழாய்க்கு எந்தப் பிள்ளையும் போகக்கூடாது. வகுப்பு முன்னாடி ரெண்டு வாளி: ஒண்ணுல நல்ல தண்ணி, ஒண்ணு காலி. 4 பேருக்கு ஒரு குழு, மொத்தம் 10 குழு. குழுவுக்கு ரெண்டு குவளை, அடி அகலமா, குட்டையா இருக்கணும். உயரமான டம்ளர் சாயாம வகுப்பு முடியாது. மூணுல ஒரு பங்கு தண்ணிதான். முதல் குவளையில அழுக்கு போகக் கழுவு, ரெண்டாவதுல அலசு. பக்கத்துல ஈரத்துணி ஒண்ணு மடிச்சு வைங்க. பிரஷ்ஷைத் துணியில ஒத்தி எடுக்காம அடுத்த நிறத்துக்குப் போறதாலதான் பாதி கலங்கல் வருது.

நிறம் நாலே நாலு: சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. ரெண்டு பேருக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, அதுதான் பேலட். ஒரு மூடிக்கு சிவப்பும் நீலமும் ஒவ்வொரு டீஸ்பூன் (5 மில்லி), மஞ்சளும் வெள்ளையும் ரெண்டு ரெண்டு டீஸ்பூன். 20 ஜோடிக்குக் கணக்குப் போட்டா சிவப்பு 100 மில்லி, நீலம் 100, மஞ்சள் 200, வெள்ளை 200. சம அளவுல வாங்கி வெச்சா மஞ்சளும் வெள்ளையும் முதல்ல தீரும், நீலம் வருஷக் கடைசி வரைக்கும் கிடக்கும். பதம்: பிரஷ்ஷைத் தூக்கினா சொட்டக்கூடாது, தாளில இழுத்தா வறட்டக்கூடாது.

பிரஷ் 1, 2ஆம் வகுப்புக்கு 12 மிமீ தட்டை ஒண்ணே போதும். 3ஆம் வகுப்புல இருந்து கூட ஒரு ரவுண்ட், 6ஆம் நம்பர். குவளைக்குள்ள நிக்க வைக்கவே கூடாது. நுனி வளைஞ்சா திரும்ப நிமிராது, கைப்பிடி ஊறி உலோகப் பூண் கழண்டுடும். கழுவினதும் படுக்க வெச்சு உலர்த்துங்க. உலர்ந்த பிறகு மயிர் மேல பார்த்த மாதிரி டப்பாவுல போடலாம்.

தாள் விஷயத்துல சிக்கனம் பார்த்தா வேலை கெடும். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல) நகல் தாள் தண்ணி பட்டதும் சுருளும், ரெண்டு தடவை தேய்ச்சா நார் நாரா உரியும். பிள்ளை தன் கை சரியில்லைன்னு நினைச்சுக்கும். போஸ்டர் கலருக்கு 120லிருந்து 150, வாட்டர் கலருக்கு 200க்கு மேல. காசு போதலைன்னா அளவைக் குறைங்க, தடிமனைக் குறைக்காதீங்க. மெல்லிசான ஏ3யை விட தடிமனான ஏ5 எவ்வளவோ மேல்.

நேரம்: பொருள் விநியோகம் 4 நிமிஷம் (குழுவுக்கு ஒருத்தர் மட்டும் எழுந்து வரணும்), செய்து காட்டறது 6, வேலை 20, சுத்தம் 7, எல்லாரும் சேர்ந்து பார்க்கறது 3. அந்த 7ஐக் குறைச்சா அடுத்த பீரியட் டீச்சர் உங்க திட்டத்துக்கே எதிரி ஆயிடுவாங்க. பேரைப் பின்பக்கம் பென்சில்ல எழுதுறது பிரஷ்ஷைத் தொடறதுக்கு முன்னாடி.

உலர்த்தற இடத்தை முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் பெயின்ட் வாங்கணும். ஏ4 தாள் 21 செமீ அகலம். 2 செமீ இடைவெளி விட்டா 40 தாளுக்கு 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல கயிறு வேணும். 5 மீட்டர்ல ரெண்டு கயிறு கட்டிடுங்க. ஈரத்தோட மாட்டினா வழியும். 10 நிமிஷம் தரையில படுக்க வெச்சிட்டு மாட்டணும்.

வெள்ளைத்தாள்:

இவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு சந்தேகம். கருப்பை ஏன் விட்டுவிட்டீர்கள்? இன்னொன்று, சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கலந்து பார்த்தால் பழுப்பாகத்தான் வருகிறது.

வண்ணச்சக்கரம்:

புத்தகம் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. செட்டில் வரும் சிவப்பு பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அதோடு நீலத்தைச் சேர்த்தால் மூன்று முதன்மை நிறமும் சேர்ந்ததாகிவிடும். மூன்றும் சேர்ந்தால் பழுப்புதான். ஊதாவுக்கு வேண்டியது நீலம் சாய்ந்த சிவப்பு: கிரிம்சன் அல்லது மாஜெண்டா.

நீலத்திலும் இதே கதை. அல்ட்ராமரைன் ஊதாப் பக்கம் சாயும், ஆகவே நல்ல ஊதாவும் மங்கிய பச்சையும் தரும். பிரஷ்யன் நீலமும் தாலோ நீலமும் பச்சைப் பக்கம் சாய்வதால் பளிச்சென்ற பச்சை கிடைக்கும், ஊதா சோர்ந்துபோகும். மஞ்சளில் எலுமிச்சை மஞ்சள் பச்சைக்கு, ஆரஞ்சு சாய்ந்த மஞ்சள் ஆரஞ்சுக்கு. மூன்றே வாங்க முடியுமென்றால் மாஜெண்டா, சையன் அல்லது தாலோ நீலம், எலுமிச்சை மஞ்சள். ஆறு வாங்க முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு சாய்வு. 12 நிறப் பெட்டி வேண்டாம், அதில் கலவைக்கு வேலையே இருக்காது.

கருப்பு: கையில் இருந்தால் நிழல் என்றாலே அதில்தான் தூரிகை போகும், படம் முழுக்கச் சேறாகும். முதல் பருவம் பூட்டி வையுங்கள். அடர்த்தி வேண்டுமென்றால் எதிர் நிறத்தைத் துளி சேர்க்கச் சொல்லுங்கள், பச்சைக்குள் சிவப்பு, ஆரஞ்சுக்குள் நீலம். அடுத்த பருவத்தில் கருப்பைத் தனிப் பாடமாகவே கொடுக்கலாம். மஞ்சளில் கருப்பைத் துளி சேர்த்தால் பாசிப் பச்சை வருவதைப் பார்த்ததும் வகுப்பே அமைதியாகிவிடும்.

3ஆம் வகுப்பிலிருந்து செய்யக்கூடிய ஒரு பாடம். ஒரு இலையை நடு நரம்போடு பாதியாகக் கிழித்து, தாளில் டேப்பால் ஒட்ட வேண்டும். மறுபாதியைக் கலந்த நிறத்தால் நிரப்ப வேண்டும். பாட்டில் பச்சையால் எந்த இலையும் பொருந்தாது என்பது 2 நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரே ஒரு விதி: வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் தூரிகை நுனியால் துளி துளியாக. நீலத்தில் தொடங்கி மஞ்சளைச் சேர்க்கப் போனால் பாட்டிலே காலியாகும், பச்சை மட்டும் வெளுக்காது. நிறத்தைச் சோதிக்கத் தனித் துண்டுத் தாள் கொடுங்கள். வாட்டர் கலர் காய்ந்ததும் வெளிறும், ஈரத்தில் பொருந்தியது காய்ந்தபின் பொருந்தாது.

அக்ரிலிக் வேண்டாம். காய்ந்தால் கரையாது. சட்டையும் போச்சு, பிரஷ்ஷும் போச்சு.

கரித்துண்டு:

மாதிரிப் படம் பற்றி யாரும் பேசவில்லையே. என் பதில்: வேண்டாம். கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் வீடு என்று போட்டுவிட்டால் 40 தாளிலும் அதே மலை. நன்றாக நகலெடுத்த நாலு பேருக்குப் பாராட்டு, மீதி 36 பேருக்கு அவர்கள் எங்கே தோற்றார்கள் என்று அளந்து காட்ட ஒரு அளவுகோல். அந்த 40 நிமிடத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை, எதையும் முடிவெடுக்கவில்லை.

நிழல்கோடு:

பாதிதான் ஒப்புக்கொள்வேன். குழந்தைகள் படங்களைப் பார்த்தே படம் வரையக் கற்கிறார்கள் என்று கலைக் கல்வி ஆய்வாளர்கள் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இலேயே வாதிட்டார்கள். கார்ட்டூன் பாத்திரத்தை நோட்டின் பின்பக்கம் நூறு தடவை வரையும் பிள்ளை கோட்டைப் பயில்கிறது. நகலெடுப்பதையே விஷமாக்கினால் அந்தப் பிள்ளையை இழப்போம்.

வேறுபாடு எதை நகலெடுக்கிறோம் என்பதில். முடிந்த படத்தை நகலெடுப்பது ஒன்று, செய்முறையை நகலெடுப்பது வேறு. ஆசிரியர் எதையும் காட்டக்கூடாது என்றால், ஓவியம் படிக்காத வகுப்பாசிரியர் என்னதான் செய்வார்?

கரித்துண்டு:

சரி, இப்படிச் சொல்கிறேன். செய்து காட்டட்டும், காட்டியதை அழித்துவிடட்டும். அல்லது ஒன்றுக்குப் பதில் மூன்று காட்டட்டும், மூன்றும் வேறு வேறு மாதிரி. ஒன்று இருந்தால் அது விடை. மூன்று இருந்தால் வழிகள். பார்த்து வரைந்த கார்ட்டூனுக்கும் என் எதிர்ப்பு இல்லை, அந்தப் பாத்திரம் பின்னால் திரும்பி நின்றால் எப்படி இருக்கும் என்று அடுத்த கேள்வி கேட்கிற வரை. கட்டம் போட்டு நகலெடுக்கும் முறையில் மட்டும் மாற மாட்டேன்: அளவைப் பெரிதாக்கக் கற்றுத்தரும், அவ்வளவுதான். பார்க்கக் கற்றுத்தராது.

மாதிரிக்குப் பதிலாக நல்ல கட்டுப்பாடு கொடுக்கலாம். "மழைக்காலம் வரை" என்றால் பழைய குறிகள்தான் வரும். "காற்றோடு மழை. ஒருவர் காற்றை எதிர்த்து நடக்கிறார். குடையின் உட்பக்கம் தெரிய வேண்டும். ஆள் தாளின் பாதி உயரத்துக்குக் குறையக்கூடாது" என்று சொல்லிப்பாருங்கள். உடை எந்தப் பக்கம் பறக்கும், முதுகு எப்படி வளையும் என்று யோசிக்காமல் வரைய முடியாது. எழுந்து நடந்து பார்ப்பார்கள், பார்க்கட்டும். அளவைச் சொல்வதும் முக்கியம். சொல்லாவிட்டால் மூலையில் கட்டை விரல் அளவுக்கு ஒரு ஆள் நிற்பார்.

இன்னொன்று, பிள்ளையின் தாளில் ஆசிரியர் கோடு போடக்கூடாது. காட்ட வேண்டுமானால் பக்கத்தில் வேறு தாள் வைத்துக் காட்டலாம்.

வெள்ளைத்தாள்:

5, 6ஆம் வகுப்புக்கான பார்த்து வரைதலை, வரையத் தெரியாத ஆசிரியர் எடுக்கும்படி படிப்படியாகச் சொல்ல முடியுமா?

கரித்துண்டு:

வரையத் தெரியாதவர் எடுக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. முதல் பயிற்சியில் எல்லாருடைய படமும் கோணலாகத்தான் வரும், ஆசிரியருடையதும் சேர்த்து.

முதல் வாரம். ஏ4 தாளின் இரண்டு மூலையை டேப்பால் ஒட்டுங்கள், 2பி பென்சில், ரப்பர் கிடையாது. பொருள்: ஓரம் கடிபட்ட இலை, கத்தரிக்கோல், ஷூ, அல்லது சொந்த இடது கை (இடக்கைக்காரருக்கு வலது). ஏ5 அட்டையில் ஓட்டை போட்டுப் பென்சிலைச் செருகினால், அட்டை கையை மறைத்துவிடும், தாளைப் பார்க்க முடியாது. விளிம்பில் ஒரு எறும்பு ஊர்வதாக நினைத்து, கண் அதன் பின்னால் போக வேண்டும். பென்சில் கண்ணின் வேகத்தில் போக வேண்டும். 3 நிமிடம், பேச்சில்லாமல். கோணலாக வரும் என்று வரைவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் ஆறுதல் மாதிரி ஆகிவிடும்.

பொதுவாக நடப்பது: பாதிப் பேர் 20 நொடியில் முடித்துவிடுவார்கள். பொருளை விட்டுவிட்டு மனதில் இருக்கும் குறியை வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "மெதுவாக" என்று சொன்னால் பலிக்காது. "கோடு எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் நின்று புறப்படு, எத்தனை திருப்பம் என்று எண்ணு" என்றால் பலிக்கும்.

அடுத்த வாரம் அட்டையை எடுத்துவிட்டு 5 நிமிடப் படம். பெரும்பகுதி நேரம் கண் பொருளின் மேல். மூன்றாம் வாரம் நாற்காலி, ஆனால் நாற்காலியை வரையக்கூடாது: கால்களுக்கு நடுவே, முதுகுச் சட்டத்துக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும். 6க்கு 8 செமீ சன்னல் வெட்டிய அட்டை வழியே ஒரு கண்ணால் பார்த்தால் எளிது. நாற்காலிக்கு மனதில் குறி உண்டு, வெற்றிடத்துக்குக் கிடையாது. அதனால்தான் இது வேலை செய்கிறது.

முகத்துக்கு ஒரே ஒரு அளவு சொன்னால் பாதிப் பிழை போய்விடும்: கண்கள் தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கின்றன. நெற்றியில் வரைய ஒன்றுமில்லை என்பதால் எல்லாரும் அதைச் சுருக்கிக் கண்ணை மேலே தள்ளுவார்கள். சொன்னால் நம்ப மாட்டார்கள். பென்சிலை நீட்டிப் பக்கத்துப் பிள்ளையின் தலையை அளக்கச் சொல்லுங்கள்.

ஒளிநிழலுக்கு 2 செமீ கட்டம் ஐந்து. முதல் கட்டம் வெறும் தாள், அடுத்த இரண்டுக்கு எச்பி, நான்காவதுக்கு 2பி, கடைசிக்கு 6பி. விரலால் தேய்க்க விடாதீர்கள், எல்லாம் ஒரே நடுச் சாம்பலாகிவிடும். பொருளுக்கு ஒரு பக்க வெளிச்சம் மட்டும் வேண்டும். இரண்டு பக்கமும் சன்னல் திறந்திருந்தால் நிழலே கிடைக்காது.

தூரத்தோற்றம் 7ஆம் வகுப்புக்கு முன்னால் வேண்டாம். ஒரு மறைபுள்ளி (தூரத்துக்குப் போகும் கோடுகள் சேருமிடம்), அது தொடுவானக் கோட்டின் மேல், செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். இந்த மூன்றாவதைத்தான் மறப்பார்கள். பெட்டியின் பின்விளிம்பு சாய்ந்துவிடும்.

களிமண்கை:

களிமண்ணை விட்டுட்டீங்களே! ஆளுக்கு 250 கிராம், 40 பேருக்கு 10 கிலோ. கம்பியால அறுத்து உருட்டி ஈரத்துணி போட்டு மூடி வைங்க. அடியில முரட்டுத் துணி விரிக்கணும். பிளாஸ்டிக் மேல வெச்சா ஒட்டிக்கும். தண்ணி ஜோடிக்கு ஒரு பாட்டில் மூடி, அதுக்கு மேல ஒரு சொட்டுகூடக் கிடையாது. பிள்ளைங்க தண்ணி தொட்டுத் தொட்டு வழவழன்னு ஆக்குவாங்க, அப்புறம் அது தொங்கும், காயும்போது வெடிக்கும்.

உருண்டையில கட்டை விரலை அடியில 1 செமீ மிச்சம் இருக்கிற வரைக்கும் அழுத்தி, சுத்திச் சுத்திக் கிள்ளினா கிண்ணம். சுவர் 6லிருந்து 8 மிமீ. கைப்பிடி, காது, வால் ஒட்டணும்னா ரெண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்கும் கீறி, களிக்குழம்பு (தண்ணில கரைச்ச களிமண்) தடவி, அழுத்தி, ஓரத்தை இழுத்துப் பூசணும். வெறுமனே ஒத்தி வெச்ச வால் காஞ்சதும் விழும். ஈரப்பதம் வேற வேறயா இருக்கற ரெண்டு துண்டை ஒட்டினாலும் அதே கதி, ஏன்னா ரெண்டும் வேற வேற அளவுக்குச் சுருங்கும்.

காய 7லிருந்து 10 நாள், பிளாஸ்டிக்கைத் தளர்வா போர்த்தி, ஒருதடவை திருப்பி வெச்சு. சூளையில வெடிக்கறதுக்குக் காத்துக்குமிழிதான் காரணம்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டே இருக்கு. உண்மையான காரணம் ஈரம். உள்ளே மிச்சமிருக்கற தண்ணி 100 டிகிரியைத் தாண்டும்போது ஆவியா விரிஞ்சு உடைக்குது. தடிமன் 1 செமீக்கு மேல போனா உள்ளே குடைஞ்சு, மூடின வடிவமா இருந்தா ஒரு ஓட்டை விடணும்.

சூளை இல்லைன்னா விசனம் வேண்டாம். படம் எடுத்து வெச்சுட்டு மண்ணைத் திரும்ப ஊறப்போடுங்க. ஆனா முழுசா காஞ்ச பிறகு உடைச்சு ஊறப்போடணும். அரை ஈரத்துல போட்டா கட்டியாவே கிடக்கும், எலும்பு மாதிரிக் காஞ்சது உடனே கரையும்.

முக்கியமா ஒண்ணு, வகுப்பு முடிஞ்சதும் துடைப்பத்தால பெருக்காதீங்க. அந்தத் தூசியில சிலிக்கா இருக்கு, மூச்சுல போறது நல்லதில்லை. ஈரத்துணியால துடைக்கணும்.

அச்சுத்தாள்:

அச்சு எடுக்கும் பாடத்துக்குத் தெர்மோகோல் தகடு, 10க்கு 15 செமீ. மழுங்கிய பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினால் பள்ளம், கிழியக்கூடாது. எழுத்து வந்தால் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிவிடும் என்று நூறு தடவை சொன்னாலும் பெயரை நேராகத்தான் எழுதுவார்கள். தாளில் எழுதி, வெளிச்சத்துக்கு எதிரே திருப்பிப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

மையில்தான் விவகாரம். போஸ்டர் கலர் நீர்த்துப்போய்ப் பள்ளத்தை நிரப்பிவிடும், அதோடு சீக்கிரம் காயும். தண்ணீரில் கரையும் அச்சு மை நல்லது. அது இல்லாவிட்டால் கெட்டியான போஸ்டர் கலரில் சில சொட்டு கிளிசரின். தட்டையான பலகையில் ஒரு டீஸ்பூன் மை விட்டு ரோலரால் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். சரியான படலம் உருளும்போது மெல்லச் சீறும். சத்தமில்லாமல் வழுக்கினால் மை அதிகம். தூரிகை12 திட்டிய 80 ஜிஎஸ்எம் தாள் இங்கே கச்சிதம். பின்பக்கம் கரண்டியின் முதுகால் 30 நொடி தேய்க்கலாம். முதல் பிரதி மங்கலாக வருவது வழக்கம், இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

40 பேரும் ஒரே நேரத்தில் மை தொட்டால் கலவரம். மை மேசை இரண்டு, மேசைக்கு 3 பேர், ஆளுக்கு 4 நிமிடம். மற்றவர்கள் தகட்டை வரைந்துகொண்டிருக்கட்டும். 2 வாரம் பிடிக்கும்.

வெள்ளைத்தாள்:

இவ்வளவும் செய்வது. பார்ப்பதற்குப் பாடம் வேண்டாமா? ஓவியர் பெயர், பிறந்த ஆண்டு, பாணி என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பார்வைக்கோணம்:

பெயரையும் ஆண்டையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அருங்காட்சியகக் கல்வியாளர் பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்விதான்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்டுபிடிக்கலாம்? பிள்ளை சொன்னதை ஆசிரியர் படத்தில் விரலால் தொட்டுக் காட்டி, வேறு சொல்லில் திருப்பிச் சொல்வார். "சரி", "அருமை" எதுவும் கிடையாது. ஒருவருக்கு "அருமை" கிடைத்துவிட்டால் மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு ஆசிரியர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

4, 5ஆம் வகுப்புக்கு ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்'. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள், சுமார் 80 விளையாட்டு. 15 நிமிடம் பேச்சு ஓயாது. திரை இல்லாவிட்டால் குழுவுக்கு ஒரு ஏ3 அச்சு. ஏ4இல் உருவங்கள் புள்ளியாகிவிடும்.

நிழல்கோடு மேலே சொன்ன தரைக்கோட்டுச் சிக்கலுக்கும் இதிலேயே வழி இருக்கிறது. புரூகல் உயரத்திலிருந்து பார்க்கிறார், தொடுவானம் உச்சிக்குப் போய்விட்டது, ஆகவே தாள் முழுக்கத் தரை. பெரும்பாலும் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை மறைக்கவில்லை. பேசி முடித்ததும் தாளை மூன்று பட்டையாகப் பிரித்து, கீழ்ப் பட்டையில் ஆள் 8 செமீ, நடுவில் 4, மேலே 2 என்று மைதானத்தை வரையச் சொல்லுங்கள். வானத்தைப் பற்றி யாரும் திருத்தாமலே நடு வெற்றிடம் நிரம்பும்.

தூரிகை12:

மத்த பாடத்தோட சேர்க்கறதைப் பத்தி ஒரு வார்த்தை. அச்சடிச்ச பூவின் படத்துக்கு நிறம் அடிக்கறது ஓவியமும் இல்லை, அறிவியலும் இல்லை. 6 செமீ இலையை 12 செமீக்கு, நரம்பு எண்ணிக்கை மாறாம வரையச் சொன்னா ரெண்டும் ஆகும்.

நிழல்கோடு:

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். அழகுக்கு மதிப்பெண் போட்டால் ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்களை மறுபடி கண்டுபிடித்ததாகத்தான் ஆகும். அன்றைய பாடத்தின் கட்டுப்பாட்டுக்குப் போடுங்கள். இலைப் பாடத்தில்: இலைக்கு ஒரு கை தூரத்தில் பொருந்தும் நிறம் கிடைத்ததா, சோதனைத் தாளில் குறைந்தது 5 முயற்சி இருக்கிறதா, எதோடு எதைக் கலந்தது என்று சொல்ல முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. வரையத் தெரியாத ஆசிரியரும் இதைச் சந்தேகமில்லாமல் போடலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'புராஜெக்ட் ஜீரோ' என்ற கல்வி ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் ஓவிய வகுப்பில் வளரும் மனப்பழக்கங்கள் என்று எட்டைப் பட்டியலிட்டார்கள். கூர்ந்து கவனித்தல், விடாமல் ஈடுபடுதல், எண்ணிப் பார்த்தல், துணிந்து சோதித்தல் எல்லாம் அதில் உண்டு. எட்டையும் ஒரே நாளில் அளக்க முயலாதீர்கள், பருவத்துக்கு இரண்டு போதும்.

சோதனைத் தாள், கோணல் படம், மங்கல் அச்சு எல்லாம் தேதியோடு ஒரே உறையில் சேரட்டும். படத்தின் முகப்பில் சிவப்பு மையால் எண் எழுதுவது மட்டும் வேண்டாமே.

வண்ணச்சக்கரம்:

விட்டுப்போன சிறு விஷயங்கள். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை வகுப்பில் இருக்க வாய்ப்புண்டு, பெரும்பாலும் பையன். ஒவ்வொரு பாட்டிலிலும் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். இலைப் பாடத்தில் அவனுக்கு நிறப் பொருத்தத்துக்குப் பதில் வெளிர்-அடர் பொருத்தம். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வேண்டும். சாதாரணக் கத்தரியில் வெட்டும் கோட்டை அலகே மறைத்துவிடும். பாட்டிலில் ஏஎஸ்டிஎம் டி-4236 (ஓவியப் பொருள் லேபிளுக்கான அமெரிக்கத் தரக் குறி) என்று போட்டிருந்தாலே நச்சற்றது என்று பொருளல்ல, அபாயம் இருந்தால் லேபிளில் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் பொருள். மீதி வரிகளையும் படியுங்கள். பொடி வண்ணத்தைப் பிள்ளைகள் கலக்கக்கூடாது.

வெள்ளைத்தாள்:

எல்லாவற்றையும் வைத்து 5ஆம் வகுப்புக்கு முதல் பருவம் இப்படிப் போட்டிருக்கிறேன்: 1 முதல் 3 வாரம் பார்த்து வரைதல், 4, 5 நிறக்கலவை, 6 புரூகலும் மூன்று பட்டைப் படமும், 7, 8 அச்சு, 9, 10 களிமண். 10ஆவது வாரத்தோடு விடுமுறை.

களிமண்கை:

களிமண்ணுக்கும் அச்சுக்கும் இடம் மாத்துங்க. 10ஆம் வாரம் செஞ்சது காய இன்னும் 10 நாள் வேணும், பள்ளியே பூட்டிக் கிடக்கும். திருப்பி வைக்கக்கூட ஆள் இருக்காது. 7, 8ல செஞ்சா 10ஆம் வாரம் அச்சு நடக்கும்போதே கையில எடுத்துட்டுப் போயிடலாம். அப்புறம் 40 கிண்ணத்துக்கு அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணச் சொல்லி இப்பவே எழுதிக் கொடுத்துடுங்க.

வெள்ளைத்தாள்:

மாற்றிவிட்டேன். அலமாரிக்கும் 5 மீட்டர் கயிறு இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.